ஒளியை நெறிப்படுத்தும் மென்படைகள்

(சங்கத்தின் விஞ்ஞானச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெயரளவிற் சற்று அச்சந் தருவது. ‘பெரொவ்ஸ்கைற்று’ எனப்படும் பளிங்குப் பொருள்கள் உமிழும் ஒளியை, பல்பகுதியங்களால் ஆக்கிய நுண்ணிய படைகளைக் கொண்டு எங்ஙனம் கட்டுப்படுத்தலாம் என்பதே அப்பொருள். பல்பகுதியம் என்பது வேறொன்றுமன்று. நாடோறும் நாம் ‘பிளாஸ்டிக்’ என்று வழங்கும் பொருளினமே அது. ஆகவே பெயரைக் கண்டு மருளவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒளித்தெறிப்பும் ஒளிமுறிவும் கற்ற எவரும் இவ்வுரையைத் தொடர்ந்து வரலாம்.

விளக்கொன்றை ஏற்றுவது மனிதனுக்கு மிகப் பழைய வித்தை. ஏற்றிய விளக்கின் ஒளி எந்நிறத்ததாக இருக்கவேண்டும், எத்திசையிற் செல்லவேண்டும், பிறந்த ஒளியில் எவ்வளவு பயன்படவேண்டும் என்று விதிப்பது வேறொரு வித்தை. கைவிளக்கின் பின்னே வளைந்த ஆடி வைப்பதும், விளக்குக்கு நிறக் கண்ணாடி மாட்டுவதும் இவ்வித்தையின் எளிய படிகள். ஆனால் இவையெல்லாம் ஒளி பிறந்த பின்னர் நாம் செய்யும் திருத்தங்கள். நிறக் கண்ணாடியானது வேண்டாத நிறத்தை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய ஒளி வெப்பமாய் வீணாகிறது. ஒளி பிறக்கும் இடத்திலேயே, வீணாக்காமல், அதனை நெறிப்படுத்த இயலுமா? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

பெரொவ்ஸ்கைற்றின் கதை

1839 ஆம் ஆண்டில் உருசிய நாட்டின் ஊரல் மலையிற் கிடைத்த ஒரு கனிப்பொருளை ஜேர்மானிய விஞ்ஞானி குஸ்தாவ் றோஸ் ஆராய்ந்து, அதற்கு லெவ் பெரொவ்ஸ்கி என்னும் உருசியப் பிரபுவின் பெயரை இட்டார். அக்கனி கல்சியம், தைத்தேனியம், ஒட்சிசன் என்னும் மூன்றும் சேர்ந்தது. அதனோடு ஒத்த அணுவமைப்பையுடைய பொருள்கள் பல பின்னர் அறியப்பட்டன. அவை யாவும் இன்று பெரொவ்ஸ்கைற்றுகள் என்னும் ஒரே குடும்பப் பெயரால் வழங்கப்படுகின்றன.

நமக்கு வேண்டியவை ஈயமும் அலசன்களும் சேர்ந்த பெரொவ்ஸ்கைற்றுகள். அலசன்கள் என்பவை குளோரீன், புரோமீன், அயடீன் முதலியன. ஈய அயன் ஒன்றினைச் சுற்றி ஆறு அலசன் அயன்கள் நிற்கும். இவ்வாறான எண்முகிகள் மூலையோடு மூலை தொட்டு அடுக்கப்பட, இடையே அறைகள் தோன்றும். அவ்வறைகளிற் சீசியம் அல்லது ஒரு சிறிய சேதன அயன் குடியிருக்கும். சீசிய ஈய அலசன் சேர்வைகளை அமெரிக்க இரசாயனர் வெல்ஸ் 1893 இலேயே ஆக்கியிருந்தார். அவை பெரொவ்ஸ்கைற்று அமைப்புடையன என்று டென்மார்க்கைச் சேர்ந்த மெல்லர் 1958 இற் காட்டினார். சேதன அயனைக் கொண்ட வகையை 1978 இல் ஜேர்மனியில் வேபர் என்பார் ஆக்கினார். ஆயினும் இவை நெடுங்காலம் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தன.

2009 ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானி மியசாக்காவும் அவர் துணைவர்களும் இப்பொருளைச் சூரிய மின்கலத்திற் பயன்படுத்தினர். அதன்பின் உலகின் ஆய்வுகூடங்கள் பல இதன்பாற் றிரும்பின. ஒளியை நன்கு மின்னாக்கும் பொருள் மின்னையும் நன்கு ஒளியாக்கும் என்பது பௌதிகத்தில் அறிந்த உண்மை. 2014 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அறை வெப்பநிலையில் ஒளிரும் பெரொவ்ஸ்கைற்று விளக்குகளைச் செய்து காட்டினர். அவை உட்செலுத்திய மின்னேற்றத்தில் நூற்றுக்கு ஒன்றிலுங் குறைந்த பங்கையே வெளிவரும் ஒளியாக மாற்றின. நான்கே ஆண்டுகளில், 2018 இல், அப்பங்கு நூற்றுக்கு 20 ஐத் தாண்டியது. இவ்வளவு விரைந்த வளர்ச்சி விளக்குகளின் வரலாற்றில் அரிது.

இப்பொருளின் சிறப்பு யாது? முதலாவது, இது குறைகடத்தி. ஆனால் சிலிக்கனைப்போலப் பெருஞ்சூளையிற் காய்ச்சவேண்டியதில்லை. மூலப்பொருள்களைக் கரைத்து, மையைப்போலப் பூசி, இளஞ்சூட்டில் உலர்த்தினாற் பளிங்கு தானே விளையும். இரண்டாவது, அலசனை மாற்றினால் நிறம் மாறும். 2015 இல் சூரிச் நகரிற் கொவலெங்கோவின் குழுவினர் சீசிய ஈய அலசன்களை நுண்பளிங்குகளாக ஆக்கினர். குளோரீன் மிகுந்தவை ஊதாவையும், புரோமீன் வகை பச்சையையும், அயடீன் மிகுந்தவை சிவப்பையும் உமிழ்ந்தன. 410 முதல் 700 நனோமீற்றர் வரை நிறமாலை முழுவதையும் அவை தழுவின. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பதை நினைவிற் கொள்க.

சிறைப்பட்ட ஒளி

இத்துணைச் சிறப்பிருந்தும் ஒரு குறை நிற்கிறது. பளிங்கினுள்ளே இலத்திரனும் அது விட்டுப்போன வெற்றிடமாகிய துளையும் மீண்டும் கூடும்போது ஒளி பிறக்கிறது. பிறக்கும் ஒளிக்குத் திசையறிவு கிடையாது. எல்லாப் பக்கமும் அது பரவும். பெரொவ்ஸ்கைற்றின் முறிவுச் சுட்டியோ பெரிது. அதனை ஏறக்குறைய 2.3 எனக் கொள்வோம். அப்பொழுது அவதிக்கோணம் சுமார் 26 பாகையாகும். அதனினும் சாய்ந்து மேற்பரப்பை அடையும் ஒளி முழுவுட்டெறிப்பால் உள்ளேயே திருப்பப்படும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு முகத்தினூடாக வெளிவரக்கூடியது நூற்றுக்கு 5 பங்களவே. சிறைப்பட்ட ஒளியிற் சிறிதைப் பளிங்கு தானே உறிஞ்சி மறுபடி உமிழ்வதாலும், விளக்கின் படைகள் மிக மெல்லியவாயிருப்பதாலும், நடைமுறையில் இதனிலும் கூடுதலான ஒளியைப் பெற முடிகிறது. எனினும் பிறந்த ஒளியிற் பெரும்பகுதி பிறந்த வீட்டிலேயே மடிகிறது என்னும் உண்மை மாறவில்லை.

ஆகவே நல்ல ஒளிர்பொருளைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியவில்லை. அப்பொருளை எத்தகைய சுற்றாடலில் வைக்கிறோம் என்பதும் அதேயளவு முக்கியமாகும். 1946 இல் அமெரிக்கப் பௌதிகர் எட்வேட் பேர்செல், ஒரு பொருள் சத்தியை உமிழும் வேகம் அப்பொருளை மாத்திரம் பொறுத்ததன்று, அதனைச் சூழ்ந்த குழியையும் பொறுத்தது என்று மிகச் சுருங்கிய குறிப்பொன்றில் எடுத்துக்காட்டினார். இன்று நாம் சொல்ல வந்த கருத்தின் வித்து அக்குறிப்பிலே உளது.

பொன்வண்டு காட்டும் வழி

சுற்றாடல் ஒளியை ஆள்வதற்கு இயற்கையே பல சான்றுகளைத் தருகிறது. நம் சிறுவர் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் பச்சை நிறம் சாயத்தால் வந்ததன்று. அதன் சிறகுறையில் மெல்லிய படைகள் ஒன்றின்மேலொன்றாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்த படைகளின் முறிவுச் சுட்டி சிறிது வேறுபடுகிறது. அவ்வேறுபாடே பச்சையைத் தெறிக்கச் செய்கிறது. முத்துச்சிப்பியின் உட்புற மினுக்கமும் இவ்வகையினதே. மீட்டியாகொடையில் அகழும் சந்திரகாந்தக் கல்லின் நீலப் பொலிவும் அக்கல்லினுள் இருவகைக் கனிகள் மெல்லிய தகடுகளாய் மாறிமாறி அமைந்ததன் விளைவாகும். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1930 களிற் சிப்பிகளின் வண்ணங்களையும், 1950 இல் இலங்கைச் சந்திரகாந்தக் கற்களின் அமைப்பையும் ஒளியியல்பையும் ஆராய்ந்து எழுதினார் என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

படைகளை அடுக்கி ஒளியைத் தெறிக்கச் செய்யும் இம்முறையின் கணிதத்தை 1887 இலேயே றேலிப் பிரபு ஆராயத் தொடங்கினார். சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1987 இல், அமெரிக்காவில் இருவர் தனித்தனியே ஒரு பெருங் கருத்தை வெளியிட்டனர். ஒருவர் இயாபுலொனொவிச், மற்றவர் சஜீவ் ஜோன். முறிவுச் சுட்டி ஒழுங்காக மாறிமாறி வரும் அமைப்பினுள்ளே குறித்த சில அலைநீளங்களையுடைய ஒளி உலாவ முடியாது. உலாவ முடியாத ஒளி அங்கே பிறக்கவும் முடியாது என்பதே அக்கருத்தின் சாரம். இத்தகைய அமைப்புகளே ஒளிப் பளிங்குகள் எனப்படுகின்றன. முப்பரிமாணத்திலும் ஒழுங்குடையதாய் இதனை ஆக்குதல் கடினம். ஒரு பரிமாணத்தில் மாத்திரம் ஒழுங்குடையதாய், படைமேற் படை அடுக்குதல் எளிது. நாம் பேசுவது இவ்வெளிய வகையையே. எக்ஸ் கதிர்கள் பளிங்குகளிற் றெறிக்கும் விதியைக் கண்ட பிராக்கின் பெயரால் இவ்வடுக்கைப் பிராக் தெறிப்பி என்பர்.

தேர்வடம் இழுத்தல்

இவ்வடுக்கை எதனாற் செய்வது? வழக்கமாகத் தைத்தேனியமீரொட்சைட்டு, சிலிக்கா முதலியவற்றை வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைப்பர். தைத்தேனியத்தைத் தரும் இல்மனைற்று மணல் நம் புல்மோட்டைக் கடற்கரையில் நிரம்ப உண்டு. ஆனால் வெற்றிட அறையும் அதனை இயக்கும் செலவும் எல்லார்க்கும் எளிதல்ல. பல்பகுதியங்களையோ சாதாரண கரைப்பானிற் கரைக்கலாம். கண்ணாடித் தகடொன்றைச் சுழலவிட்டு அதன்மேற் சில துளிகளை விட்டால், திரவம் விரிந்து பரவி ஒரே தடிப்புள்ள மென்படையாய் உலரும். கரைசலின் செறிவாலும் சுழற்சியின் வேகத்தாலும் படையின் தடிப்பை வேண்டியவாறு அமைக்கலாம்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். செலுலோசு அசற்றேற்றின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.48, பொலிவைனைல்காபசோல் என்னும் பல்பகுதியத்தின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.68. 520 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைத் தெறிக்கச் செய்ய விரும்புகிறோம் எனக் கொள்க. ஒவ்வொரு படையின் தடிப்பும் அப்படையினுள்ளே ஒளியின் அலைநீளத்திற் காற்பங்காக இருக்கவேண்டும். ஆகவே முதலாவது படை 88 நனோமீற்றரும், இரண்டாவது படை 77 நனோமீற்றரும் ஆகும். இரண்டும் சேர்ந்தது ஒரு சோடி.

இரு படைகள் சந்திக்கும் ஓர் எல்லையில் எவ்வளவு ஒளி தெறிக்கும்? ஆயிரத்துக்கு 4 பங்கே. இஃது எம்மாத்திரம் என்று இகழ வேண்டாம். கோயிற் றேரை நினைத்துப் பாருங்கள். வடம்பிடிக்கும் ஒருவரின் பலத்துக்குத் தேர் அசையாது. எல்லாரும் வெவ்வேறு கணத்தில் இழுத்தாலும் அசையாது. ஒரே குரலுக்கு எல்லாரும் ஒருங்கே இழுக்கும்போதுதான் அது நகரும். காற்பங்குத் தடிப்பு என்பது அந்த ஒரு குரல். ஒவ்வோர் எல்லையிலும் தெறிக்கும் சிற்றலைகள் எல்லாம் முகட்டோடு முகடு பொருந்தி ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அலைகளைக் கூட்டும்போது அவற்றின் வீச்சங்களே கூடுகின்றன. ஒளியின் செறிவோ வீச்சத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலாற் பலன் விரைந்து பெருகுகிறது. 5 சோடிகள் நூற்றுக்கு 31 பங்கைத் தெறிக்கும். 10 சோடிகள் 73 பங்கை. 15 சோடிகள் 91 பங்கை. 20 சோடிகள் 97 பங்கை. படைகள் குறையில்லாதிருந்தால் வரும் கணக்கு இது. 20 சோடிகளின் மொத்தத் தடிப்பு 3,300 நனோமீற்றர் மாத்திரமே. அது தலைமயிரொன்றின் தடிப்பிற் சிறியதொரு பின்னம்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தைத்தேனியமீரொட்சைட்டும் சிலிக்காவுமாயின் முறிவுச் சுட்டிகளின் வேறுபாடு பெரிதாதலின் 5 சோடிகளே இப்பலனைத் தந்துவிடும். மேலும் நம் பல்பகுதிய அடுக்குத் தெறிக்கும் நிறப்பட்டை ஒடுக்கமானது. 520 நனோமீற்றரை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ 42 நனோமீற்றர் அகலமே உடையது. பல்பகுதியங்களின் வலிமை அவற்றின் முறிவுச் சுட்டியில் இல்லை. எளிதாக, மலிவாக, வளையும் தகடுகளின் மேலும் பலபடியாய் அடுக்கத்தக்க இயல்பிலேயே இருக்கிறது. 1969 இலேயே அமெரிக்காவின் டௌ இரசாயன நிறுவனத்தார், இருவகை உருகிய பிளாஸ்டிக்குகளை நூற்றுக்கணக்கான படைகளாக ஒருங்கே பிழிந்து, சாயமின்றி ஒளிரும் வண்ணத் தாள்கள் செய்தமை பற்றி எழுதினர். 2000 இல் 3எம் நிறுவனத்தார், ஒளி எக்கோணத்தில் வீழ்ந்தாலும் தெறிப்புக் குன்றாத பிளாஸ்டிக் ஆடிகளைப் பற்றி வெளியிட்டனர். ஆகவே இம்முறை வெறும் ஆய்வுகூட விளையாட்டன்று.

புல்லாங்குழலும் ஒளிக்குழியும்

இனிப் பெரொவ்ஸ்கைற்றை இவ்வடுக்கோடு சேர்ப்போம். எளிய வழி, ஒளிரும் பெரொவ்ஸ்கைற்றுப் படையின் ஒரு பக்கத்திற் பிராக் தெறிப்பியை வைத்தல். தெறிப்பி தடுக்கும் நிறம் அப்பக்கம் செல்லாது, மறுபக்கம் திருப்பப்படும். தடுக்கப்படாத நிறங்கள் ஊடுசெல்லும்.

இன்னும் நுட்பமான வழி, இரண்டு தெறிப்பிகளுக்கு நடுவே பெரொவ்ஸ்கைற்றை வைத்தல். இதனை நுண்குழி என்பர். இதன் தொழிலைப் புல்லாங்குழலைக் கொண்டு விளக்கலாம். குழலில் ஊதும் வெறுங் காற்றில் எல்லா ஒலிகளும் கலந்துள்ளன, அதிற் சுரமில்லை. குழலின் நீளத்துக்குப் பொருந்தும் ஒலியே உள்ளே நின்று வளர்ந்து சுரமாய் வெளிவருகிறது, பொருந்தாதவை அடங்கிவிடுகின்றன. விரலை எடுத்து நீளத்தை மாற்றினாற் சுரமும் மாறும். அவ்வாறே இரு தெறிப்பிகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குப் பொருந்தும் அலைநீளமே குழியினுள் நின்று வலுப்பெற்று, நேர்முகமாய் வெளிவருகிறது. தூரத்தைச் சிறிது கூட்டினால் நிறம் சிவப்பின் பக்கம் நகரும். குறைத்தால் நீலத்தின் பக்கம் நகரும். வெளிவரும் நிறத்தின் அலைநீளத்தை அதன் அகலத்தால் வகுத்து வரும் எண்ணைத் தரக்காரணி என்பர். பச்சை உமிழும் பெரொவ்ஸ்கைற்றின் ஒளிக்கு இயல்பாக 20 நனோமீற்றர் அளவான அகலம் உண்டு. தரக்காரணி 100 உள்ள குழி அதனை ஏறக்குறைய 5 நனோமீற்றருக்கு ஒடுக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கவேண்டும். குழி இல்லாத ஒளியைப் படைப்பதில்லை. பல்பகுதியக் குழிகளில் முறிவுச் சுட்டிகளின் வேறுபாடு சிறிதாதலின், ஒளி பிறக்கும் வேகமும் பெரிதாய் மாறுவதில்லை. மாறுவது பங்கீடு. எல்லா நிறத்திலும் எல்லாத் திசையிலும் சிதறவேண்டிய ஒளி, ஒரு நிறத்தில் ஒரு திசையில் திரள்கிறது. நிறக் கண்ணாடி விழுங்குகிறது, குழி பங்கிடுகிறது. வேறுபாடு இதுவே.

திசைக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பும் கவனிக்கத்தக்கது. நேராகப் பார்க்கும்போது 520 நனோமீற்றரிற் பச்சையாய்த் தெறிக்கும் நம் அடுக்கு, 30 பாகை சாய்த்துப் பார்த்தால் 493 இலும், 45 பாகையில் 465 இலும், 60 பாகையில் 435 இலும் தெறிக்கும். அஃதாவது பச்சை வரவர நீலமாகும். பொன்வண்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. படம் காட்டும் திரைக்கு இஃது இடையூறு. எல்லாரும் எப்பக்கத்திலிருந்தும் ஒரே நிறத்தைக் காணவேண்டுமல்லவா? ஆனால் ஒரு திசையில் மாத்திரம் ஒளியை அனுப்பவேண்டிய கருவிக்கும், லேசருக்கும் இதுவே அநுகூலம்.

கரைப்பானின் பகை

கேட்பதற்கு எளிதாயிருக்கும் இவ்வேலையிற் பெருந் தடையொன்று உண்டு. ஒரு படையின்மேல் அடுத்த படையைப் பூசும்போது, மேற்படையின் கரைப்பான் கீழ்ப்படையைக் கரைத்துவிடக் கூடாது. பொலிவைனைல்காபசோலைத் தொலுயீனிற் கரைப்பர். தொலுயீன் செலுலோசு அசற்றேற்றைத் தீண்டாது. செலுலோசு அசற்றேற்றுக்கு வேறொரு மதுசாரவகைக் கரைப்பானைத் தேர்வர்; அது மற்றதைத் தீண்டாது. இவ்வாறு ஒன்றையொன்று கெடுக்காத இரண்டைத் தேடிப்பிடிப்பதே இக்கலையின் பாதி.

பெரொவ்ஸ்கைற்று வந்ததும் இவ்விணக்கம் குலைகிறது. ஈய அலசன்கள் டைமெதைல்போமமைட்டு முதலிய வலிய கரைப்பான்களிலேயே நன்கு கரையும். அக்கரைப்பான்கள் இரு பல்பகுதியங்களையும் கரைக்கும் ஆற்றலுடையன. இருபது, நாற்பது முறை பொறுமையாய்ப் பூசி உலர்த்திய அடுக்கு ஒரே துளியில் அழிந்துபோகும்!

இத்துறையில் நெடுங்காலம் உழைத்து வருபவர்கள் இத்தாலியின் ஜெனோவாப் பல்கலைக்கழகத்துக் கொமொரெற்றோவின் குழுவினர். 2018 இல் அவர்களும் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, அகன்ற நிறப்பட்டையில் ஒளிரும் படையமைப்புப் பெரொவ்ஸ்கைற்றைப் பல்பகுதியத் தெறிப்பிகளோடு இணைத்து, அதன் ஒளிர்வை மாற்றியமைக்கலாம் என்று காட்டினர். ஒளிர்பொருளை மாற்றவில்லை, தெறிப்பியை மாற்றினார்கள், வெளிவரும் ஒளியின் நிறப்பங்கீடு மாறியது. காற்று ஒன்றே, குழல் வேறு என்னும் நம் உவமைக்கு இஃது ஏற்ற சான்று.

2019 இல் கரைப்பானின் பகைக்கும் ஒரு பரிகாரம் கண்டனர். பல்பகுதிய அடுக்கின்மேற் புளோரீன் செறிந்த பல்பகுதியம் ஒன்றை மெல்லிய காப்புப் படையாய்ப் பூசினர். நம் வீடுகளில் மாவு ஒட்டாத தோசைக்கல்லிற் பூசியிருக்கும் பொருளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. எண்ணெயும் நீரும் ஒட்டாத அப்படை வலிய கரைப்பானையும் கீழே இறங்கவிடவில்லை. அதன்மேல் ஈய அயடைட்டுப் பெரொவ்ஸ்கைற்றை நேரே விளைவித்து, முழுவதும் பல்பகுதியத் தெறிப்பிகளாலான நுண்குழியை அமைத்தனர். குழியின் தரக்காரணி நூற்றைத் தாண்டியது. ஒளியின் திசையும் நிறப்பங்கீடும் கணக்கிட்டவாறே கட்டுப்பட்டன. ஒரு படையின் காவல் ஒரு துறையின் கதவைத் திறந்தது எனலாம்.

எஞ்சியுள்ள கவலைகள்

விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் வெற்றிகளை மாத்திரம் சொல்லி அமைதல் முறையன்று. பெரொவ்ஸ்கைற்று ஈரத்துக்கு அஞ்சும் பொருள். நம் நாட்டுக் காற்றின் ஈரம் அதற்கு நஞ்சு. ஒளிபட்டால் அதனுள்ளே அலசன் அயன்கள் இடம்பெயரும். புரோமீனும் அயடீனும் கலந்த வகைகளில் இரண்டும் பிரிந்து நிறம் மாறிவிடுவதை 2015 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நீல நிறத்திற் செறிவும் நீடித்த வாழ்நாளும் பெறுதல், பச்சையிலும் சிவப்பிலும் பெறுதலைவிடக் கடினமாயிருக்கிறது. பல்பகுதிய அடுக்கு ஈரத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் முற்றாகத் தடுக்காது.

எல்லாவற்றிலும் பெரிய கவலை ஈயம். ஈயம் நஞ்சு, வளரும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இப்பளிங்குகள் நீரிற் சிதைந்து ஈயத்தை வெளிவிடக் கூடியவை. ஆதலின் உடைந்த கருவியை எங்கே சேர்ப்பது, யார் பொறுப்பேற்பது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் இதனை வீடுதோறும் கொண்டுசெல்லல் ஆகாது. ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயம் முதலியவற்றைச் சேர்க்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன; அவை ஒளிர்விலும் உறுதியிலும் ஈயத்துக்கு நிகராகுமா என்பதே அவற்றின் சோதனை. கிணற்று நீரையே நம்பி வாழும் நம்மவர் இவ்வினாவைப் பிறநாட்டாரிடம் விட்டுவிடுதல் தகாது.

நம் இளைஞருக்கு

இதனை இச்சபையிற் பேசுவதன் காரணத்தைக் கூறி முடிப்போம். புதிய விஞ்ஞானம் என்றதும் கோடிக்கணக்கான செலவும் வானளாவிய இயந்திரங்களும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அவை வேண்டிய துறைகள் உண்டு. ஆனால் இன்று நாம் கண்ட துறைக்குத் தொடக்கத்தில் வேண்டியவை, சுழலும் தகடு, இளஞ்சூட்டு அடுப்பு, நல்ல காற்றோட்டமுள்ள நச்சுப்புகை அறை, நிறமாலைமானி, அவற்றோடு கணிதமும் பொறுமையும். முதலிற் பெரொவ்ஸ்கைற்றே வேண்டியதில்லை. ஈயமில்லாத சாதாரண சாயமொன்றை இரு பல்பகுதியத் தெறிப்பிகளுக்கிடையே வைத்து இதே விதிகளைச் சோதித்து அறியலாம். தெறிப்பியின் கணக்கை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தாளும் பென்சிலுமாய் அமர்ந்து செய்யலாம். கணக்குச் சொல்லிய அலைநீளத்தில் உண்மையாகவே ஒளி தெறிப்பதை அவன் காணும்போது, பாடநூலில் மனனஞ் செய்த தலையீட்டு விதி அவனுக்குச் சொந்தமாகிவிடும்.

இத்துறை கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒளிரும் பொருள் எவ்வளவு சிறந்ததாயினும், அதனைச் சூழ்ந்துள்ள அமைப்பே அதன் ஒளி சிறைப்படுமா, சிதறுமா, பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த அமைப்போ விலைமதிப்பற்ற பொருளால் ஆனதன்று. ஆயிரத்துக்கு 4 பங்கே தெறிக்கும் எளிய எல்லைகள், சரியான இடைவெளியில், ஒழுங்கு தவறாது, ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பதால் ஆனது. திறமையுள்ள நம் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடமும் நூலகமும் வழிகாட்டும் ஆசிரியரும் அத்தகைய சுற்றாடலாய் அமையவேண்டும். அதனை அமைப்பது ஒருவரால் ஆகாது. சங்கங்களாலும் கல்லூரிகளாலும் பெற்றோராலும் சேர்ந்து ஆகவேண்டியது. ஒரு நிறமாலைமானி ஒரு கல்லூரிக்கு வந்து சேர்ந்தாலும், அதனை அயற் கல்லூரி மாணவரும் பயன்படுத்த இடமளித்தாலும், வடத்தில் இன்னொரு கை சேர்ந்ததாகும்.